பெட்டி யார் கையில்?

2025 ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று வந்த தேயிலைக் கொழுந்து முழுக்க ஈரம். அதை வாட்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டீ மேக்கர் சகாயம் சார் மூன்று நாளாகத் தும்முகிறார். டீ மேக்கருக்குச் சளி பிடிப்பதும் தவில்காரருக்குக் கை ஒடிவதும் ஒன்றுதான். புளிக்கும் இலையை முகர்ந்து பார்த்து, பச்சை வாசம் போய்ப் பழ வாசம் எழும் அந்த நிமிடத்தில் "தள்ளு" என்று சொல்ல வேண்டிய மூக்கு அது. இன்று மூன்று பேட்சுக்கும் என் மூக்குதான். மூன்றாவதற்கு அவர் கேட்கவேயில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு டிரையர் பக்கம் கை காட்டிவிட்டார்.

மதியம் மேனேஜர் ஜெகதீசன் சார் கூப்பிட்டார். மே 31ஆம் தேதி சகாயம் சாருக்கு ஓய்வு. ஜூன் 2 முதல் நான் டீ மேக்கர். "யோசிச்சுச் சொல்லும்மா" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? ஆறு வருடம் அசிஸ்டெண்டாக நின்ற கால் இது. இந்த ஃபேக்டரியில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நாற்காலியே கிடையாது என்பது வேறு விஷயம். நின்றபடியேதான் வேலை.

ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். ஜூன் 8 கல்யாணம். மாப்பிள்ளை பாலகுமாருக்குப் போன் செய்து சொன்னேன். சந்தோஷத்தில் கத்தினார். அப்புறம் குரலை இறக்கி, "அம்மாகிட்ட நான் மெதுவாச் சொல்லிக்கிறனுங்க" என்றார். மெதுவாக எதற்கு? கோயமுத்தூர் பம்பு கம்பெனியிலிருந்து குன்னூர் கிளைக்கு மாற்றல் கேட்கிறேன் என்று அவர்தானே சொல்லியிருந்தார்.

அப்பாவிடம் சொன்னதும் போய் டிவியைப் போட்டார். ரயில் படம்! எங்கள் வீட்டில் நல்லது நடந்தால் பாயசம் கிடையாது, ரயில் படம்தான். அப்பா பங்களாவில் தோட்டவேலை பார்த்தபோது, ஊரைவிட்டுப் போன எஸ்டேட் துரை டிவியையும் டிஸ்க் பிளேயரையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிளேயருக்குள் ஒரு டிஸ்க் சிக்கிக்கொண்டிருந்தது. இன்றுவரை வெளியே வரவில்லை. அதனால் எனக்கு ஏழு வயதிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே எட்டு வீடு கொண்ட எங்கள் லயத்துக்கு ஒரே படம். வெள்ளைக்காரப் பாட்டுப் படம். அதன் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. டிஸ்க் உள்ளே இருக்கும்போது பேரை எப்படிப் படிப்பது?

ஒரு குடும்பமே ஆடிப் பாடிப் பிழைக்கிறது. அப்பன், ஆத்தாள், மூன்று பெண்கள். ஊர் ஊராக ரயிலில் போகிறார்கள். அப்பன்காரன் மூன்று தடவை தண்ணீர்த் தொட்டியில் விழுவான், மூன்று தடவையும் லயமே சிரிக்கும். மூத்தவள் மஞ்சள் ஷூ போட்டு ஆடுகிறவள். ஒரு சின்ன ஊரில் தொப்பிக் கடைக்காரன் ஒருவன்மேல் அவளுக்கு ஆசை. ஒரே சண்டை, ஒரே பாட்டு. எங்களில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. பேசும்போது அப்பா கதை சொல்வார், பாட்டு வந்தால் வாயை மூடிக்கொள்வார்.

கடைசியில் ரயில் நிலையம். அவள் மஞ்சள் ஷூவை ஜன்னல் வழியாகத் தங்கச்சியிடம் கொடுக்கிறாள். ரயில் போகிறது. அவளும் அவனும் பிளாட்பாரத்தில். அப்பா கேட்பார்: "பொட்டி யாரு கையில?" நாங்கள் எல்லோரும் கத்துவோம்: "அவன் கையில!" "அப்ப யாரு யாரு பின்னால போறது?" "அவன்தான்!" சப்பாத்தைப் பத்திரமா வச்சிரு, இவனையும் இழுத்துக்கிட்டு அடுத்த ரயில்ல வந்து ஆடுறேன் என்று தங்கச்சியிடம் சொல்லி அனுப்புகிறாளாம். சப்பாத்து என்றால் ஷூ. அப்பா கண்டியிலிருந்து கொண்டுவந்த சொல்.

இன்றும் கத்தினேன். இருபத்தெட்டு வயதில்.

மே 4, ஞாயிறு

பூ வைத்தார்கள். பூவை எடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே நாளில்.

காலையில் வேனில் பதினோரு பேர் வந்தார்கள். பாலகுமாரின் அம்மா, வனிதா அத்தை, தன் கையாலேயே கட்டிக்கொண்டு வந்த மல்லிகையை என் தலையில் வைத்தார். "எங்கூட்டு மருமவளாயிட்ட கண்ணு" என்று கன்னத்தைத் தொட்டார். எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது, அதை எழுதி வைக்க வேண்டும்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சகாயம் சார் போன். "நேத்து மழைக் கொழுந்து மலையாக் கெடக்கு. எனக்கு விக்ஸும் டீயும் ஒரே வாசமாத் தெரியுது. ஒரு மணி நேரம் மூக்கக் கொண்டா தாயி." ஓடினேன். பாலகுமார் தலையாட்டினார், அப்பா தலையாட்டினார். அம்மா மட்டும் முறைத்தாள்.

பூவோடு உள்ளே போக முடியாது. பூ, சென்ட், பவுடர், எதுவும் கூடாது. தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வாசல் வாட்ச்மேன் அறைச் சுவரில் ஓர் ஆணி உண்டு. ஆறு வருடமாக என் பூவை அதில்தான் மாட்டுகிறேன். இன்றும் மாட்டினேன். கை தானாகச் செய்தது.

வேன் திரும்பிப் போகும் வழியில், "கீர்த்தனா வேலை செய்யற எடத்தப் பாத்துட்டுப் போலாம்மா" என்று அம்மாவை இறக்கியிருக்கிறார் பாலகுமார். ஆசையாகத்தான். வனிதா அத்தை பார்த்தது: ஒரு குடை, வாட்ச்மேனின் சாப்பாட்டுப் பை, அதற்கு மேலே அவர் வைத்த பூ.

"நான் வச்ச பூவுங்களா இது?"

வாட்ச்மேன் ஓர் அரிச்சந்திரன். "ஆமாங்கம்மா, டூட்டி முடிஞ்சு எடுத்துக்கும்" என்றாராம்.

மே 5, திங்கள்

வனிதா அத்தையிடமிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. "நிச்சயப் பூவ ஆணியில மாட்டுற வேலைக்குப் போகோணும்னு எங்கூட்டுல ஒண்ணும் இல்லீங்க. கண்ணாலத்துக்கு முந்தியே வேலைய உடறதா லெட்டர் குடுத்துரச் சொல்லிப்போடுங்க."

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "சரிங்க."

என்னைக் கேட்கவேயில்லை!

மே 8, வியாழன்

பாலகுமார் பாய்லர் பம்பு சர்வீஸுக்கு வந்தார். போன வருடம் இதே பம்புக்கு வந்தபோதுதான் பழக்கம். மூன்று நாள் வேலையை ஒன்பது நாளாக இழுத்த மனிதர்.

வெளியே மரத்தடியில் நின்று பேசினோம். அவருக்கு என்மேல் கோபம் இல்லையாம். அம்மா பாவமாம். "கொஞ்ச நாளைக்கு விட்டுட்டு அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றார். கோபத்திலும் 'ங்க' போகாது இவருக்கு. அப்புறம் என்றால் எப்போது? டீ மேக்கர் இடம் என்ன பஸ்ஸில் துண்டு போட்டு வைக்கிற சீட்டா? மாற்றல் கேட்டீர்களா என்றேன். காலால் மண்ணைக் கிளறினார். கேட்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்து ரயில் படத்தைச் சொன்னேன். முழுக் கதையும். "கடைசியில பெட்டி அவன் கையில இருக்கு. ஒரு தொப்பி விக்கிறவனுக்கு இருக்கிற துணிச்சல்கூட உங்களுக்கு இல்ல" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அது என்ன படமுங்க? தேடிப் பாக்கட்டுங்களா?"

தேடுங்கள். நன்றாகத் தேடுங்கள்.

மே 11, ஞாயிறு

தேடிவிட்டார்.

தொப்பிக் கடை, தண்ணீர்த் தொட்டி, மஞ்சள் ஷூ என்று தட்டிப் பார்த்திருக்கிறார், படம் வந்துவிட்டது. கீழே தமிழ் எழுத்தோடு. சிம்ஸ் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து போனில் பார்த்தோம், ஆளுக்கொரு காதில் வயர். முதல் பாதியில் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பன்காரன் தொட்டியில் விழும்போது, அப்பா இத்தனை வருடம் சொன்னதைவிட நல்ல நகைச்சுவையெல்லாம் இருந்தது. பாட்டுக்கு அர்த்தம் தெரிந்தது. பாலகுமார் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தேன். அதுவும் நிஜம்தான்.

அப்புறம் ரயில் நிலையம்.

அவள் ஷூவைத் தங்கச்சியிடம் கொடுக்கிறாள். "இனி இது உன்னுடையது" என்கிறாள். நான் மறுபடி படித்தேன். வைத்திரு என்று சொல்லவில்லை. வருகிறேன் என்று சொல்லவில்லை. ரயில் போகிறது. அவன் பெட்டியைத் தூக்குகிறான். அது அவள் பெட்டி. "என் வீட்டுச் சமையலறைதான் இனி உன் மேடை" என்கிறான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாடுகிறாள். சுபம்.

இருபத்தொரு வருடம் அப்பா பொய் சொல்லியிருக்கிறார்.

பாலகுமார் வயரைச் சுருட்டிப் பையில் வைத்தார். ஜெயித்த முகம் இல்லை அது, ஆனாலும் எனக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது.

மே 12, திங்கள்

மகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கதையை வீட்டில் சொல்லியிருக்கிறார். காலையில் வனிதா அத்தை என்னிடமே பேசினார்: "வெள்ளக்காரியே ஆட்டத்த உட்டுப்போட்டு ஊட்டுக்குப் போறாளாமா. நீ என்ன கண்ணு அவளுக்கு மேலயா?"

மேலதான் அத்தை, என்றேன். கட்டாகிவிட்டது. சிக்னலா, அவரா, தெரியவில்லை.

சாயங்காலம் அப்பாவைப் பிடித்தேன். அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். ஏம்ப்பா பொய் சொன்னீங்க என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். அந்தக் கதையை நம்பித்தானே நான் நிமிர்ந்து நின்றேன்? எல்லோர் முன்னாலும் என்னைக் கேனச்சியாக்கிட்டீங்களே!

அப்பா நெருப்பையே பார்த்தார். "தொர டிவி குடுத்த அன்னைக்கே தொரசாணி கதையச் சொல்லிட்டாங்க புள்ள. அவ ஆட்டத்த விட்டுட்டுப் போறான்னு. மொத நாள் நானும் உள்ளதத்தான் சொன்னேன். நீ டிவிக்கு முன்னால நின்னுகிட்டு, சப்பாத்தக் குடுக்காதே குடுக்காதேன்னு ஒரே கத்தல். அன்னைக்குச் சோறே திங்கல."

"அதுக்காக மாத்திட்டீங்களா?"

"நான் எங்க மாத்துனேன்? ஒங்கம்மாதான் அடுப்படியிலருந்து சத்தம் போட்டா. ஏன், அந்தத் தடியனுக்குக் கால் இல்லியா, பொட்டியத் தூக்கிட்டு அவ பின்னால போவச் சொல்லுங்கன்னு. மறுநா நான் அதையே சொன்னேன்."

அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து, கூடையை இறக்காமல் வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

நான் திரும்பினேன். "படத்துக்கு ஒரு நியாயம், பெத்த பொண்ணுக்கு ஒரு நியாயமாம்மா?"

"படம் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிரும்டி" என்றாள் அம்மா. "நீ கல்யாணம் நின்னு வீட்டுல ஒக்காந்தா, நாந்தானடி தெனமும் பாக்கணும்."

கூடையை அவள் முதுகிலிருந்து நான்தான் இறக்கினேன். ஆனாலும் லெட்டர் எழுத மாட்டேன்.

மே 13, செவ்வாய்

அம்மா என் டிபன் பாக்ஸைக் கட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 16, வெள்ளி

ஜெகதீசன் சார் மேஜைக்கு முன்னால் போய் நின்று, சரி சார், ஜூன் 2 வருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

வனிதா அத்தை, பாலகுமார், அவருடைய மாமா ஒருவர். லெட்டர் கொடுத்தாச்சா என்று கேட்க வந்திருக்கிறார்கள். அப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா, "நீ இரு" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்றே இருந்தாள்.

"டீ எப்படிங்க இருக்கு?"

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் அத்தை.

"இவ பாத்து எறக்குன தூளு." அம்மா தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். "பூவ எடுத்தது தப்புன்னா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். கீழ கெடாசிருந்தா நானே நாலு சாத்தியிருப்பேன். பத்திரமாத்தான் மாட்டிருக்கா. ஆனா லெட்டர் குடுக்க மாட்டா. சரின்னு சொன்னது நான், அவ சொல்லல. முப்பத்தெட்டு வருசமா கொழுந்து பறிச்சுக் குடுக்குறேன். அது உள்ள போயி என்னாகுதுன்னு ஒரு நாளும் என்னைய உள்ள கூப்பிட்டுக் காட்டுனதில்ல. இவ உள்ள நிக்கிறா. நான் கையப் புடிச்சு வெளிய இழுக்க மாட்டேங்க."

எங்கம்மாவா இது? மருதாயியா?

பிறகு பாலகுமார் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்க சொல்லுங்க. பொட்டி யாரு கையில?"

அவருக்குப் புரிந்தது. வந்தவர்களில் அவருக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டார். அத்தை எழுந்தார். "ஏனுங்க, படங் காட்டறீங்களா? வா சாமி போலாம்." பாலகுமாரும் எழுந்து போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

போகட்டும். போகட்டும். போகட்டும்.

மே 19, திங்கள்

போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டாவது தடவை செய்ய மாட்டேன்.

மே 20, செவ்வாய்

செய்தேன். எடுக்கவில்லை. இதை எழுதியிருக்க வேண்டாம்.

மே 31, சனி

சகாயம் சாருக்குச் சால்வை போட்டார்கள். பேசச் சொன்னதற்கு, "எம் மூக்க இந்தப் புள்ளகிட்ட ஒப்படைச்சுட்டேன்" என்று மட்டும் சொல்லித் தும்மினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

லயத்தில் ரயில் படம் போடச் சொன்னார்கள். அப்பா மாட்டேன் என்றார். "எங்கதையால ஒரு கல்யாணம் போச்சு. இனி வாயத் தொறக்க மாட்டேன்." அதனால் நான் சொன்னேன். உள்ளது உள்ளபடியே சொன்னேன். ஷூவைக் கொடுப்பதையும், சமையலறைதான் மேடை என்று அவன் சொல்வதையும். கடைசி வீட்டுப் பாப்பாத்தி அக்கா, "இதென்னடி கூத்து, மாத்திச் சொல்றே?" என்று எழுந்துவிட்டாள். இதுதான் அவங்க எழுதின முடிவு அக்கா, நம்ம முடிவு வேற என்றேன். எட்டு வீட்டு ஆட்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னாலிருந்து அம்மா கேட்டாள்: "பொட்டி யாரு கையில?"

ஓட்டுக் கூரை அதிரக் கத்தினார்கள். அப்பாவும்.

ஜூன் 2, திங்கள்

டீ மேக்கர். முதல் பேட்சைப் புளிக்க விட்டது அறுபத்திரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் அதிகம். ரோலர் பக்கம் யாரோ, "கல்யாணம் போனாலும் திமிரு போவல" என்றது காதில் விழுந்தது. மூக்கு மட்டுமில்லை, காதும் நன்றாக வேலை செய்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். அடுத்த பேட்ச் சரியாக அறுபது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று கல்யாண நாளாக இருந்திருக்கும். லீவு கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். எட்டு பேட்ச். கக்கூஸில் அழுதேன். மூக்கடைத்தால் வேலை கெட்டுவிடும் என்று இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

பாலகுமாரிடமிருந்து செய்தி. "குன்னூருக்கு மாத்தல் எழுதிக் குடுத்துட்டனுங்க. கெடைக்குமான்னு தெரியாதுங்க. உங்ககிட்ட ஒண்ணும் கேக்கறதுக்காக இல்லீங்க, சொல்லணும்னு தோணுச்சுங்க."

ஒரு செய்தியில் நாலு 'ங்க'.

நாலு தடவை பதில் எழுதி நாலு தடவை அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "பம்பு மறுபடி சத்தம் போடுது."

பம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. மதிய டூட்டி. அம்மா கோயிலில் வாங்கிக்கொடுத்த பூவோடு நடந்து வந்தேன்.

ஃபேக்டரி வாசலில் பாலகுமார் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பெரிய பெட்டி, தோளில் பாய் சுருட்டிய கட்டு. பக்கத்து ஊர் ஜெகதளாவில் அறை பிடித்துவிட்டாராம், நாளை குன்னூரில் சேர வேண்டுமாம். மூன்று மாதத்தில் இளைத்திருக்கிறார். பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னேன். "இருக்கட்டுமுங்க" என்று கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார், லூசு.

வாட்ச்மேன் பெஞ்சில் வனிதா அத்தை. என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பையன் தங்கற ஊட்டப் பாக்க வந்தனுங்க" என்று வாட்ச்மேனிடம்தான் சொன்னார், எனக்குக் கேட்கும்படி. வாங்கத்தை என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். இருக்கட்டும். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

டூட்டிக்கு மூன்று நிமிடம்தான் இருந்தது. வழக்கம்போலப் பூவை எடுத்தேன். இன்று மட்டும் இவருக்காக மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று ஆணிக்குக் கையைக் கொண்டுபோனேன்.

அத்தை ரோட்டைப் பார்த்தபடியே கையை நீட்டினார்.

"வெயில்ல வாடிப்போகும். இங்க குடு. நீ வர்ற வரைக்கும் நான் வச்சிருக்கறேன்."

கொடுத்தேன். எட்டு மணி நேரம் ஆகும் அத்தை என்றேன். "ஆகட்டும்" என்றார்.

உள்ளே போய்க் கை கழுவினேன். முதல் பேட்ச் சரியாக அறுபது நிமிடம்.